ஜாக் ஷோஸ்டாக்: டெலோமியரிலிருந்து ஆதிசெல் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரற்ற வேதிப்பொருள்களிலிருந்து முதல் செல் எப்படி வந்திருக்கும்? இதை ஊகமாகப் பேசுபவர்கள் நிறைய பேர். சோதனைக் குழாயில் வைத்துப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் முக்கியமானவர் ஜாக் ஷோஸ்டாக். நோபல் பரிசு வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் பரிசு கிடைத்த ஆய்வும் அவர் இன்று செய்யும் ஆய்வும் வேறு வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதனால் வரும் குழப்பங்களைத் தீர்க்கத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1952 நவம்பர் 9 அன்று லண்டனில் பிறந்தார், கனடாவில் வளர்ந்தார். 19 வயதில் மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றார். 1977இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரே வூவிடம் முனைவர் பட்டம். 1979இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சொந்த ஆய்வகம். 1984இல் அந்த ஆய்வகம் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு மாறியது. 2006இல் லாஸ்கர் விருது, 2009இல் மருத்துவ நோபல். 2022இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

வேதியியல் ஆர்வம் எங்கிருந்து வந்தது?

வீட்டிலிருந்தே வந்தது. அப்பா விமானப் பொறியாளர். அம்மா வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து மகனுக்காக வேதிப்பொருள்கள் கொண்டுவருவார். அவை பாதுகாப்பானவை என்று சொல்லிவிட முடியாது. ஒரு முறை வெடித்ததில் கண்ணாடிக் குழாய் பறந்து போய் மரக் கூரையில் குத்தி நின்றுவிட்டது. இதை நோபல் தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

நோபல் பரிசு எதற்குக் கிடைத்தது?

குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர்கள் எப்படி அவற்றைப் பாதுகாக்கின்றன என்று கண்டறிந்ததற்கு. எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர் இருவருடனும் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1980 வாக்கில் ஷோஸ்டாக் ஈஸ்ட் செல்களுக்குள் டி.என்.ஏ. துண்டுகளைச் செலுத்தி, அவை குரோமோசோமோடு எப்படிக் கலக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். வளையமாக இருக்கும் டி.என்.ஏ.வை ஓரிடத்தில் வெட்டி உள்ளே அனுப்பினால், அந்த வெட்டு முனை சும்மா இருப்பதில்லை. தனக்குப் பொருத்தமான இடத்தைக் குரோமோசோமில் தேடிப் போய் இணைந்துகொள்ளும், அல்லது சிதைந்துபோகும். அப்படியானால் குரோமோசோமின் இயல்பான நுனி மட்டும் ஏன் அமைதியாக இருக்கிறது? அதுவும் ஒரு டி.என்.ஏ. முனைதானே?

1980இல் ஒரு மாநாட்டில் பிளாக்பர்ன் பேசியதைக் கேட்டார். டெட்ராஹைமீனா என்ற குளத்து ஒற்றைச்செல் உயிரியின் குரோமோசோம் நுனிகளில் ஒரே சிறிய வரிசை திரும்பத் திரும்ப வருவதைப் பிளாக்பர்ன் கண்டுபிடித்திருந்தார். இருவரும் பேசி ஒரு சோதனையை முடிவுசெய்தார்கள். ஈஸ்ட் பிளாஸ்மிடை (குரோமோசோமுக்கு வெளியே தனியாக நகலாகும் சிறு டி.என்.ஏ. வளையம்) வெட்டி, அதன் இரு முனைகளிலும் டெட்ராஹைமீனாவின் நுனிகளை ஒட்டி, ஈஸ்டுக்குள் விடுவது. பரிணாமத்தில் இந்த இரண்டு உயிரிகளுக்கும் இடையே உள்ள தூரம் மிக அதிகம். ஒன்றின் நுனி மற்றொன்றில் வேலைசெய்யும் என்று எதிர்பார்க்க எந்த நியாயமும் இல்லை. ஆனால் வேலைசெய்தது. நேர்க்கோட்டு டி.என்.ஏ. உடையாமல், ஒட்டிக்கொள்ளாமல், தலைமுறை தலைமுறையாக ஈஸ்டுக்குள் நிலைத்தது. 1982இல் 'செல்' இதழில் இது வெளிவந்தது. பிற்பாடு பார்த்தால், டெட்ராஹைமீனா நுனியின் மேல் ஈஸ்ட் தன்னுடைய சொந்த வரிசையைச் சேர்த்திருந்தது. அப்படியானால் நுனியை நீட்டிக்கொடுக்கும் ஒரு நொதி இருக்க வேண்டும். பிளாக்பர்னின் மாணவியாக இருந்த கிரைடர் 1984 கிறிஸ்துமஸ் நாளில் அந்த நொதியின் முதல் தடயத்தைக் கண்டார். அதுதான் டெலோமரேஸ்.

ஷோஸ்டாக்கின் ஆய்வகத்தில் விக்டோரியா லண்ட்பிளாட் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். நுனியை நீட்ட முடியாத ஈஸ்டுகள் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் கொஞ்சமாக நுனியை இழந்து, கடைசியில் பிரிய முடியாமல் செத்துப்போயின. மூப்புக்கும் டெலோமியருக்கும் உள்ள தொடர்பு பற்றிய பேச்சுக்கு இது பெரிய வலுச் சேர்த்தது.

செயற்கைக் குரோமோசோமும் இவர் செய்ததுதானா?

ஆமாம். 1983இல் ஆண்ட்ரூ மரேயுடன் சேர்ந்து ஈஸ்டுக்கான முதல் செயற்கைக் குரோமோசோமைக் கட்டினார். டெலோமியர், மையப் பகுதி, நகலெடுப்பு தொடங்கும் இடம் ஆகியவற்றை இணைத்துச் செய்தது. பெரிய டி.என்.ஏ. துண்டுகளை வைத்துக்கொள்ள வசதியாக இருந்ததால் மனித ஜீனோம் (முழு டி.என்.ஏ. தொகுப்பு) வரைபடப் பணியில் இந்த முறை நிறையப் பயன்பட்டது. அதே ஆண்டில், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுந்தால் செல் அதை எப்படிப் பழுதுபார்க்கிறது என்பதற்கு டெரி ஆர்-வீவர், ராட்னி ராத்ஸ்டீன், ஃபிராங்க் ஸ்டால் ஆகியோருடன் சேர்ந்து ஒரு மாதிரியை முன்வைத்தார். இன்றும் பாடநூல்களில் இருப்பது அது.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த துறையை ஏன் விட்டார்?

எனக்கு இவர் வாழ்க்கையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

1980களின் நடுவில் ஈஸ்ட் மரபியலில் திறமையான ஆய்வகங்கள் நிறைய வந்துவிட்டன. தான் ஒரு சோதனையைச் செய்யாவிட்டாலும் இன்னொருவர் சீக்கிரமே செய்துவிடுவார் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அப்படியானால் தான் இங்கே இருப்பதால் என்ன ஆகப்போகிறது? அந்தச் சமயத்தில் தாமஸ் செக் கண்டுபிடித்த ஒன்று அவரை ஈர்த்துக்கொண்டிருந்தது. டி.என்.ஏ.வின் நெருங்கிய உறவு மூலக்கூறான ஆர்.என்.ஏ. செய்தியைச் சுமப்பதோடு நிற்காமல், நொதியைப் போல வினையையும் நடத்தும் என்று செக் 1982இல் காட்டியிருந்தார். அதுவும் அதே டெட்ராஹைமீனாவில்!

அதனால் ஈஸ்டை மெல்ல மெல்லக் கைவிட்டு ஆர்.என்.ஏ. பக்கம் திரும்பினார். 2009இல் நோபல் அறிவிப்பு வந்தபோது அவர் டெலோமியரை விட்டு 20 ஆண்டுகள் போல ஆகியிருந்தது. புகழும் நிதியும் உறுதியாகக் கிடைக்கும் இடத்திலிருந்து, விடை கிடைக்குமா என்றே தெரியாத இடத்துக்குப் போவது லேசான காரியம் இல்லை. 'கூட்டம் சேர்ந்துவிட்டதா, நான் வேறு கேள்வியைப் பார்க்கிறேன்' என்ற இந்தப் போக்குதான் அவரை மற்ற பெரிய விஞ்ஞானிகளிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

ஆர்.என்.ஏ.வுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இன்றைய செல்லில் டி.என்.ஏ. செய்தியை வைத்திருக்கிறது, புரதம் வேலையைச் செய்கிறது. டி.என்.ஏ.வை நகலெடுக்கப் புரதம் வேண்டும். புரதத்தைச் செய்ய டி.என்.ஏ.வின் செய்தி வேண்டும். எது முதலில் வந்தது? ஆர்.என்.ஏ. இரண்டு வேலையையும் செய்யும் என்றால் இந்தச் சிக்கல் அவிழ்ந்துவிடும். வால்டர் கில்பர்ட் 1986இல் இந்தக் கருத்துக்கு 'ஆர்.என்.ஏ. உலகம்' என்று பெயர் வைத்தார்.

சோதனைக் குழாயில் பரிணாமம் என்கிறார்களே, அது எப்படி நடக்கும்?

1990இல் ஆண்ட்ரூ எல்லிங்டனும் ஷோஸ்டாக்கும் செய்ததைப் படிப்படியாகப் பார்ப்போம். முதலில், எந்தத் திட்டமும் இல்லாமல் எழுத்துகள் கலைந்து கிடக்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைச் செய்துகொள்ள வேண்டும். சுமார் 10 லட்சம் கோடி வெவ்வேறு வரிசைகள், எல்லாம் ஒரு சின்னக் குழாயில். அப்புறம் ஒரு கண்ணாடிக் குழலில் ஜெல் மணிகளை நிரப்பி, அந்த மணிகளில் ஒரு சாய மூலக்கூறைப் பிணைத்து வைப்பார்கள். ஆர்.என்.ஏ. கரைசலை அதன் வழியே விட்டால் கிட்டத்தட்ட எல்லாமே வழிந்து ஓடிவிடும். தற்செயலாகச் சரியான வடிவத்தில் மடிந்திருக்கும் சில மட்டும் சாயத்தைப் பிடித்துக்கொண்டு தங்கிவிடும். அவற்றைக் கழுவி எடுத்து, டி.என்.ஏ.வாக மாற்றிப் பெருக்கி, மறுபடி ஆர்.என்.ஏ. ஆக்கி, அதே குழலில் விடுவார்கள். சில சுற்றுகளிலேயே குழலில் தங்குபவைதான் பெரும்பான்மை ஆகிவிட்டன.

கணக்குப் பார்த்ததில், ஆயிரம் கோடி வரிசைகளில் ஏறக்குறைய ஒன்று அந்தச் சாயத்தைப் பிடிக்கத் தெரிந்ததாக இருந்தது. இப்படிக் கிடைத்தவற்றுக்கு 'ஆப்டமர்' என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டில் கிரெய்க் டுயர்க், லாரி கோல்டு இருவரும் கொலராடோவில் தனியாக இதே முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். வயதானவர்களின் விழித்திரை நோய் ஒன்றுக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த முதல் ஆப்டமர் மருந்து வரை இந்த வழி நீண்டது.

1993இல் டேவிட் பார்டெலுடன் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இந்த முறை ஆயிரம் லட்சம் கோடி வரிசைகள். பிடித்துக்கொள்வது மட்டும் போதாது, இரண்டு ஆர்.என்.ஏ. துண்டுகளை ஒட்டவும் தெரிய வேண்டும் என்று நிபந்தனை. தேர்வும் பெருக்கமும் 10 சுற்று நடந்த பிறகு, தானாக நடப்பதைவிட 70 லட்சம் மடங்கு வேகமாக ஒட்டும் ஆர்.என்.ஏ.க்கள் கிடைத்தன. யாரும் வடிவமைக்காத, இயற்கையில் எங்கும் இல்லாத வினையூக்கிகள் வெறும் தற்செயல் குவியலுக்குள்ளிருந்து வந்தன. உயிரின் தோற்றத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர் இந்த ஒரு சோதனையையாவது நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பேன். 'இதெல்லாம் தற்செயலாக வருமா?' என்ற பழைய கேள்வி அதற்குப் பிறகு அளந்து பார்க்கக்கூடிய கேள்வியாக மாறிவிட்டது.

2001இல் ஆண்டனி கீஃப் உடன் புரதத்திலும் இதையே செய்தார். 6 லட்சம் கோடி தற்செயல் புரதங்களில் ஏ.டி.பி.யைப் (செல்லுக்கு ஆற்றல் தரும் சிறு மூலக்கூறு) பிடிக்கும் சில கிடைத்தன. ஏறத்தாழ பத்தாயிரம் கோடிக்கு ஒன்று என்ற விகிதம்.

சரி, ஆர்.என்.ஏ. இருந்தால் போதாதா? சவ்வு எதற்கு?

போதாது. நன்றாக வேலைசெய்யும் ஓர் ஆர்.என்.ஏ. திறந்த நீரில் மிதந்தால், அதன் உழைப்பின் பலன் பக்கத்தில் மிதக்கும் எல்லாவற்றுக்கும் போய்விடும். தன் நகலுக்கு மட்டும் நன்மை கிடைக்க ஓர் உறை வேண்டும். உறை இருந்தால்தான் 'இந்தச் செல் அந்தச் செல்லைவிட மேல்' என்ற பேச்சே வரும். டார்வினியத் தேர்வு அங்கேதான் தொடங்குகிறது. 2001இல் பார்டெல், பியர் லூயிஜி லூயிசி ஆகியோருடன் எழுதிய கட்டுரையில் ஷோஸ்டாக் இதைத் தெளிவாக வைத்தார்: நகலாகும் மரபுப் பொருள் ஒன்று, நகலாகும் சவ்வு ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஆதிசெல்.

அந்தச் சவ்வு எதனால் ஆனது? தானாக வளருமா?

கொழுப்பு அமிலங்களால் ஆனது. அவற்றைத் தகுந்த காரத்தன்மையுள்ள நீரில் போட்டால் தாமாகவே இரட்டை அடுக்காகச் சேர்ந்து குமிழிகளாகிவிடும். மாண்ட்மொரில்லோனைட் என்ற களிமண் இதை வேகப்படுத்துவதோடு, தன் மேல் ஒட்டியிருக்கும் ஆர்.என்.ஏ.வையும் குமிழிக்குள் கொண்டுபோகிறது என்று 2003இல் இவருடைய குழு காட்டியது.

வளர்ச்சிக்கு வருவோம். டிங் ஜூ 2009இல் வெளியிட்ட சோதனையை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு மறக்காது. சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள உருண்டைக் குமிழி ஒன்று. உள்ளே ஒளிரும் சாயம். வெளியே புதிய கொழுப்பு அமிலம் சேர்த்ததும் குமிழியின் ஓரத்திலிருந்து மெல்லிய வால் ஒன்று முளைக்கிறது. வால் நீள்கிறது, பருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் உருண்டை மறைந்து, முழுக் குமிழியும் ஒரு நீண்ட நூலாகிவிடுகிறது. இப்போது திரவத்தை லேசாக அலைத்தால் நூல் பல துண்டுகளாக உடைகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு புதிய குமிழி. உள்ளே இருந்த சாயம் பெரும்பாலும் கசியாமல் பிள்ளைக் குமிழிகளுக்குள் பங்காகிவிடுகிறது. புரதம் இல்லை, மரபணு இல்லை. ஆனாலும் வளர்ச்சி இருக்கிறது, பிரிவும் இருக்கிறது. ஆதிச் செல் பிரிவதற்குச் சிக்கலான இயந்திரம் வேண்டும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். ஒரு குளத்தில் காற்று அடித்தாலே போதும்போல் இருக்கிறது.

இதற்கு முன்பே, 2004இல், ஐரீன் சென் இன்னொன்றைக் காட்டியிருந்தார். உள்ளே ஆர்.என்.ஏ. நிறைந்த குமிழி நீரை இழுத்து உப்பி நிற்கும். அந்த இழுவிசையில் பக்கத்திலுள்ள காலிக் குமிழியின் சவ்விலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பறித்துக்கொண்டு வளரும். காலிக் குமிழி சுருங்கும். உயிர் வருவதற்கு முன்பே போட்டி வந்துவிடுகிறது.

அப்படியானால் ஆய்வகத்தில் உயிரை உருவாக்கிவிட்டார்களா?

இல்லை. செய்திகளில் அப்படித் தலைப்பு வந்தால் நம்பவேண்டாம். சவ்வு வளர்ந்து பிரிகிறது, ஆர்.என்.ஏ. ஓரளவு நகலாகிறது. ஆனால் இரண்டும் ஒரே குமிழிக்குள், நொதியின் உதவியில்லாமல், தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து நடந்து, அதில் பரிணாமம் ஏற்படுவதை யாரும் இன்னும் காட்டவில்லை.

எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது?

ஆர்.என்.ஏ. நகலெடுப்பில். நொதியில்லாமல் ஓர் ஆர்.என்.ஏ. இழையை வார்ப்பாக வைத்து அதன் எதிரிழையைக் கட்டும் வேதியியலை லெஸ்லி ஆர்கெல் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். அதைக் கையில் எடுத்த ஷோஸ்டாக் 2012இல் 8 தடைகளைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை எழுதினார். எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை. மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது மக்னீசியம். நகலெடுக்கும் வினைக்கு மக்னீசியம் அயனி நிறைய வேண்டும். ஆனால் கொழுப்பு அமிலச் சவ்வு அது பட்டதும் திரிந்து படிந்துவிடும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிவதைப் போலத்தான். ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றொன்றுக்கு நஞ்சு. 2013இல் கேட் அடமாலா சிட்ரேட் சேர்த்துப் பார்த்தார். சிட்ரேட் மக்னீசியத்தை அணைத்துக்கொள்கிறது. அப்போது சவ்வும் பிழைக்கிறது, உள்ளே நகலெடுப்பும் நடக்கிறது. ஆதிப் பூமியில் அவ்வளவு சிட்ரேட் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் இரண்டையும் ஒரே குமிழிக்குள் நடத்த முடியும் என்று தெரிந்துவிட்டது.

இரண்டாவது வேகம். ஆர்.என்.ஏ. இழையின் கட்டுமானத் துண்டுகளான நியூக்ளியோடைடுகளைத் தூண்டிவிட ஒரு வேதிக்குழுவை அவற்றோடு இணைக்க வேண்டும். 2-அமினோஇமிடசோல் என்ற குழு பழையவற்றைவிட மிக நன்றாக வேலைசெய்வதை இவருடைய ஆய்வகம் 2017இல் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஓர் எதிர்பாராத உண்மை வெளிவந்தது: நியூக்ளியோடைடுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதில்லை. இரண்டு இரண்டாகப் பாலம் போட்டுக்கொண்டு வருகின்றன. அந்த ஜோடிதான் வார்ப்பில் உட்கார்ந்து வினைபுரிகிறது. பல பத்தாண்டுகள் ஆராய்ந்த வினைக்குள் இது ஒளிந்திருந்தது என்பது எனக்கு இன்னும் வியப்பு.

மூன்றாவதுதான் மிகக் கடினம்: இழைகளைப் பிரிப்பது. நகல் எடுத்து முடித்ததும் இரண்டு இழைகளும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சூடாக்கிப் பிரித்தாலும், ஆறியவுடன் புதிய நகலெடுப்பு தொடங்குவதற்குள் மறுபடி சேர்ந்துவிடும். 2021இல் அவருடைய குழு ஒரு வழி சொன்னது. நீளமான ஒரே ஆர்.என்.ஏ. வேண்டாம்; ஒரு வளைய வரிசையின் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் சிறு சிறு ஆர்.என்.ஏ.க்கள் இருந்தால் போதும். உண்மையில் எந்த வளையமும் இருக்காது, ஆனால் துண்டுகளைச் சேர்த்துப் படித்தால் முழுச் செய்தியும் கிடைக்கும். துண்டுகள் சின்னவை என்பதால் பிரிவது எளிது.

இவருடைய கட்டுரை ஒன்று திரும்பப் பெறப்பட்டது உண்மையா?

உண்மை. மேலே சொன்ன இழைப் பிரிப்புச் சிக்கலுக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் நிறைந்த சிறு பெப்டைடுகள் (குட்டிப் புரதத் துண்டுகள்) தீர்வாகலாம் என்று 2016இல் வெளியான கட்டுரை அது. ஆய்வகத்திலேயே இன்னொருவர் மறுபடி செய்து பார்த்தபோது முடிவு வரவில்லை. தரவுகளைத் தவறாகப் புரிந்துகொண்டது தெரியவந்ததும், 2017இல் திரும்பப் பெற்றார்கள். கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட விடை கிடைத்துவிட்டதாக நம்பிக் கவனம் தவறிவிட்டோம் என்ற பொருளில் ஷோஸ்டாக் வெளிப்படையாகவே பேசினார். பெரிய பெயர் கொண்ட ஆய்வகத்தில் ஓர் இளம் ஆய்வாளர் 'இது வரவில்லை' என்று சொல்ல முடிந்ததும், அதைத் தலைவர் ஏற்றதும் அந்த ஆய்வகத்துக்குப் பெருமை.

கிரெய்க் வென்டர் செய்ததும் இதுவும் ஒன்றா?

இரண்டும் செயற்கை உயிரியல்தான், ஆனால் திசை எதிரெதிர். அமெரிக்க ஜீனோம் ஆய்வாளரான வென்டரின் குழு 2010இல் ஒரு பாக்டீரியாவின் முழு ஜீனோமை வேதிமுறையில் செய்து, இன்னொரு பாக்டீரிய செல்லுக்குள் வைத்தது. 2016இல் 473 மரபணுக்கள் மட்டும் உள்ள செல்லைச் செய்தது. ஏற்கெனவே உயிருள்ள செல்லை எடுத்துக்கொண்டு குறைத்துக் குறைத்துப் போவது அந்த வழி. ஷோஸ்டாக் பூஜ்யத்திலிருந்து மேலே ஏறுகிறார். 473 மரபணு என்பது கேட்கக் குறைவாக இருந்தாலும், ஆதிசெல்லோடு வைத்துப் பார்த்தால் அது மிகப் பெரிய நகரம். வென்டர் குழு தன் ஜீனோம் துண்டுகளை ஒட்டிச் சேர்த்தது ஈஸ்டுக்குள்தான். வெட்டு முனைகளை இணைக்கும் ஈஸ்டின் அந்தத் திறனைப் புரிந்துகொள்வதில்தான் ஷோஸ்டாக்கும் தொடங்கினார்.

இந்த ஆய்வால் ஆபத்து உண்டா?

ஆதிசெல்லால் இல்லை. அது இன்றைய பாக்டீரியாவுக்கு முன்னால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. கவலை வேறு இடத்தில் இருக்கிறது: மூலக்கூறுகள் எல்லாம் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாறிய பாக்டீரியா. நம் நோயெதிர்ப்பும் இயற்கையின் எதிரிகளும் அதை அடையாளம் காணாமல் போகலாம். 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் 'சயின்ஸ்' இதழில், அப்படிப்பட்ட உயிரை உருவாக்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். ஷோஸ்டாக், அடமாலா, வென்டர் மூவரும் அதில் இருக்கிறார்கள்.

இவரிடம் படித்தவர்கள் யார் யார்?

ஜெனிஃபர் டௌட்னா இவரிடம்தான் 1989இல் முனைவர் பட்டம் முடித்தார். ஆர்.என்.ஏ.வே ஆர்.என்.ஏ.வைக் கட்டுமா என்பது அவருடைய ஆய்வு. பிறகு கிரிஸ்பர் மரபணுத் திருத்த முறைக்காக 2020இல் வேதியியல் நோபல் பெற்றார். டேவிட் பார்டெல், மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்.என்.ஏ.க்களான மைக்ரோ ஆர்.என்.ஏ. துறையில் பெரிய பெயர். கேட் அடமாலா செயற்கைச் செல் ஆய்வில் முன்னணியில் இருக்கிறார்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவர் என்ன படிக்க வேண்டும்?

உயிரியல் ஆர்வத்தோடுதான் பலரும் வருகிறார்கள், ஆனால் தினசரி வேலை வேதியியல். கரிம வேதியியலையும் இயற்பிய வேதியியலையும் ஆழமாகப் படியுங்கள். அமிலத்தன்மை, அயனிச் செறிவு, வினை வேகம் ஆகியவை பயமில்லாமல் கைவர வேண்டும். ஆர்.என்.ஏ.வைக் கெடாமல் கையாளும் பழக்கத்தை ஏதாவது ஒரு மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் கற்றுக்கொள்ளலாம். புவியியல் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. ஆதிப் பூமியின் குளத்தில் எது இருந்திருக்கும், எது இருந்திருக்காது என்று வாதிட அது வேண்டும். கட்டுரைகளில் தொடங்குவதானால் 1990, 1993 தேர்வுச் சோதனைகளை முதலில் படித்துவிட்டு, 2001இல் வந்த ஆதிசெல் கட்டுரைக்குப் போங்கள். அதற்குப் பிறகு வருகிற நகலெடுப்பு வேதியியல் கட்டுரைகளைப் பக்கத்தில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினையையும் வரைந்து பார்த்துப் படிக்க வேண்டும்.